கடல் வரைபடத்தைத் திருத்தும் படகோட்டிகள்

சாலையில் போகிறவருக்கு வழி கண்ணுக்குத் தெரியும். பள்ளம் இருந்தால் விலகிப் போகலாம். பாலம் உடைந்திருந்தால் நின்றுவிடலாம். கடலில் அப்படி முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தண்ணீர். இரண்டு ஆள் ஆழமும் இருபது ஆள் ஆழமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு முழம் தண்ணீருக்குக் கீழே பாறை ஒளிந்திருக்கலாம். நேற்று இல்லாத மணல் திட்டு இன்று சேர்ந்திருக்கலாம்.

அதனால்தான் கடலுக்கும் வரைபடம் போடுகிறார்கள். அதை நம்பித்தான் பெரிய கப்பலும் போகிறது, சிறு படகும் போகிறது. அந்த வரைபடத்திலேயே தவறு இருந்தால் என்ன ஆகும்? அதைக் கண்டுபிடிப்பது யார்? திருத்துவது யார்?

அமெரிக்க நாட்டில் இந்த வேலையில் அரசு அலுவலகத்தோடு சாதாரணப் படகோட்டிகளும் பல ஆண்டுகளாகக் கை கொடுத்து வந்திருக்கிறார்கள். அவர்கள் இதற்குச் சம்பளம் வாங்கவில்லை. அவர்கள் செய்த வேலையைப் பற்றி இந்தப் பாடத்தில் படிக்கலாம்.

கடல் வரைபடத்தில் என்ன இருக்கும்?

நில வரைபடத்தில் ஊர், ஆறு, சாலை எல்லாம் இருக்கும். கடல் வரைபடத்தில் எண்கள்தான் அதிகம். தண்ணீர்ப் பரப்பு முழுவதும் 4, 7, 12, 30 என்று சிறு சிறு எண்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்தின் ஆழம். ஒரே ஆழமுள்ள இடங்களை ஒரு கோடு இணைக்கும். ஆழம் குறைந்த இடத்துக்கு நீல வண்ணம் பூசியிருப்பார்கள்.

வரைபடத்தைத் திறந்ததும் முதலில் அளவு எதில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடி, பாகம், மீட்டர் ஆகிய மூன்றில் ஒன்று அதில் அச்சிட்டிருக்கும். ஒரு பாகம் என்பது 6 அடி. எண் 3 என்றால், அது 3 அடியா, 3 பாகமா? 3 பாகம் என்றால் 18 அடி. ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டால் 18 அடி என்று நினைத்து 3 அடித் தண்ணீரில் படகை விட நேரிடும்.

எண்கள் தவிர அடையாளங்களும் உண்டு. கூட்டல் குறி போன்ற அடையாளம் தண்ணீருக்கு அடியில் உள்ள பாறையைக் காட்டும். மூழ்கிய கப்பலுக்குத் தனி அடையாளம் இருக்கிறது. அடித்தரை மணலா, சேறா, பாறையா என்று சிறு எழுத்துகள் சொல்லும். நங்கூரம் போடுகிறவருக்கு அது முக்கியம். கலங்கரை விளக்கம், மிதவை, பாலம், கடலடிக் கம்பி ஆகியவையும் வரைபடத்தில் இருக்கும். கரையிலிருந்து உயர்ந்து தெரியும் கோபுரம், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றையும் குறித்திருப்பார்கள். கரையில் இரண்டு மூன்று அடையாளங்களைப் பார்த்துத் தான் இருக்கும் இடத்தைக் கணிப்பது எல்லா நாட்டுக் கடலோடிகளும் அறிந்த வழிதான்.

ஆழத்தை எப்படி அளந்தார்கள்?

பழைய காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி அளந்தார்கள். கயிற்றில் அளவுக்கு அளவு அடையாளம் கட்டியிருக்கும். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றின் நீளத்தைப் பார்ப்பார்கள். குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். மேலே இழுத்தால் கொழுப்பில் மணலோ சேறோ ஒட்டியிருக்கும். ஒன்றும் ஒட்டாவிட்டால் கீழே பாறை என்று அர்த்தம்.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. ஓரிடத்தில் குண்டை இறக்குவார்கள். சற்றுத் தள்ளி மறுபடியும் இறக்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாறை நின்றால் அது கணக்கில் வராது. வரைபடத்தில் இந்தப் பக்கம் 40, அந்தப் பக்கம் 42 என்று இருக்கும். நடுவில் 20 அடியில் பாறை இருப்பது யாருக்கும் தெரியாது.

பிறகு எதிரொலிக் கருவி வந்தது. படகின் அடியிலிருந்து ஒலி கீழே போகும். தரையில் பட்டுத் திரும்பும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. போய்வர ஆன நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். இன்றைய அளவைக் கப்பல்கள் ஒரே நேரத்தில் பல கதிர்களாக ஒலியை அனுப்பி, கடல் தரையை அகலமாகப் பார்த்துக்கொண்டே போகின்றன.

வரைபடம் ஏன் தவறாகிறது?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், அளந்த காலம் பழையது. அமெரிக்கக் கடற்கரையை அளக்க 1807-ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அப்போது தாமஸ் ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தார். இன்று அந்தப் பணியை தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் செய்கிறது. அதைச் சுருக்கமாக நோவா என்பார்கள். வளைவு, நெளிவு, தீவு எல்லாம் சேர்த்து அந்த நாட்டின் கரையோரம் சுமார் 95,000 மைல் நீளம். அத்தனையையும் அளந்து முடிப்பதற்குள் முதலில் அளந்தது பழையதாகிவிடும்.

1992-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் இரவு நடந்ததைப் பாருங்கள். 'குயின் எலிசபெத் 2' என்ற பெரிய பயணிகள் கப்பல் மாசசூசெட்ஸ் மாநிலக் கடலில், கட்டிஹங்க் தீவுக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. வரைபடம் அந்த இடத்தில் 39 அடி ஆழம் என்று காட்டியது. கப்பல் தண்ணீருக்குள் சுமார் 32 அடி இறங்கியிருந்தது. 39-இல் 32 போனால் மீதி 7 அடி. போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கப்பலின் அடிப்பகுதி பாறையில் உராய்ந்தது. அடித்தகடுகள் நீளமாகச் சேதமடைந்தன. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

பிறகு ஆராய்ந்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பெரிய கப்பல் ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனால் இன்னும் கொஞ்சம் கீழே அமிழும் என்பது ஒன்று. அங்கே 39 அடிக்கும் குறைந்த ஆழத்திலேயே பாறை இருந்தது என்பது மற்றொன்று. அந்த 39 என்ற எண் 1939-ஆம் ஆண்டில் அளந்தது. 53 ஆண்டுகளுக்கு முந்தைய அளவை நம்பிக் கப்பல் போயிருக்கிறது.

இரண்டாவது காரணம், கடலும் கரையும் மாறிக்கொண்டே இருப்பது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அலை மணலை அள்ளி வேறு பக்கம் சேர்க்கிறது. புயல் ஒரே இரவில் கழிமுகத்தை மாற்றிவிடும். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. புயல் ஓய்ந்ததும் நியூயார்க் துறைமுகத்தில் கப்பல்களை உடனே விடவில்லை. தண்ணீருக்கு அடியில் என்ன விழுந்து கிடக்கிறது என்று முதலில் அளந்து பார்த்தார்கள்.

மனிதர்களும் கரையை மாற்றுகிறார்கள். புதிய படகுத்துறை கட்டுகிறார்கள். பழைய புகைபோக்கியை இடிக்கிறார்கள். பாலத்தைத் தூக்கிக் கட்டுகிறார்கள். வரைபடத்தில் உள்ள புகைபோக்கியைத் தேடி வழி பார்க்கிறவர், அது இல்லாமல் வேறொரு புகைபோக்கியைப் பார்த்துத் திரும்பினால் என்ன ஆகும்?

பெரிய துறைமுகத்துக்கு அளவைக் கப்பல் வரும். சிறு ஓடைக்கும் சிறு கழிமுகத்துக்கும் அது எப்போது வரும்? அங்கே நாள்தோறும் போய்வருகிறவர் யார்? படகோட்டிதான்.

தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில்

ஒரு கழிமுகத்தில் புதிதாக மணல் திட்டு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர்ப் படகோட்டிகளுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். "அந்தப் பக்கம் போகாதே, தட்டும்" என்று துறையில் பேசிக்கொள்வார்கள். எல்லோரும் விலகிப் போவார்கள். ஊருக்குள் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் வெளியூர்ப் படகு ஒன்று இரவில் வருகிறது. அதில் வருகிறவருக்கு அந்தத் துறையில் ஒருவரையும் தெரியாது. அவர் கையில் இருப்பது வரைபடம் மட்டுமே. வரைபடம் 9 அடி என்கிறது. அவர் நம்பி வருகிறார்.

வரைபடம் அவரைப் போன்ற புதியவருக்கு மிகவும் தேவை. துறையில் பேசிய பேச்சு அவர் காதுக்கு எட்டாது. எழுதி, உரிய அலுவலகத்துக்கு அனுப்பி, அது வரைபடத்தில் ஏறினால்தான் அவர் தப்புவார். தன்னார்வப் படகோட்டிகள் புரிந்துகொண்டது இதைத்தான்.

சங்கங்கள் சேர்ந்த கதை

அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் படகு ஓட்டுகிறவர்கள் மிகுதி. அவர்களுக்கென்று 1914-ஆம் ஆண்டில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பவர் ஸ்குவாட்ரன்ஸ்' என்ற சங்கம் தொடங்கப்பட்டது. இப்போது 'அமெரிக்காஸ் போட்டிங் கிளப்' என்ற பெயரில் அறியப்படுகிறது. படகைப் பத்திரமாக ஓட்டப் படித்துக்கொடுப்பது இதன் முதல் வேலை. உறுப்பினர்களே ஆசிரியர்கள். அவர்களுக்கும் சம்பளம் இல்லை.

1963-ஆம் ஆண்டில் இந்தச் சங்கம் அரசின் கடற்கரை அளவைத் துறையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. உறுப்பினர்கள் படகில் போகும்போது வரைபடத்தையும் கண்ணெதிரே உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேறுபாடு கண்டால் எழுதி அனுப்புவார்கள். இதற்குக் 'கூட்டுறவு வரைபடப் பணி' என்று பெயர். ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிக்கைகளுக்குப் புள்ளி கொடுத்துப் பாராட்டும் வழக்கமும் இருந்தது.

1939-ஆம் ஆண்டில் தோன்றிய இன்னொரு அமைப்பும் உண்டு. அது அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் துணை அமைப்பு. அதில் இருப்பவர்களும் தன்னார்வத் தொண்டர்களே. மிதவைகள் சரியான இடத்தில் மிதக்கின்றனவா, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துச் சொல்வதும் வரைபடத் தவறுகளை அறிவிப்பதும் அவர்கள் செய்யும் பணிகளில் சேரும்.

படகோட்டிகள் நிலத்திலும் தேடினார்கள். நில அளவைக்காகக் கல்லிலும் கான்கிரீட்டிலும் பதித்த சிறு உலோகத் தகடுகள் நாடெங்கும் உண்டு. பழைய குறிப்பைப் படித்துக்கொண்டு, புதருக்குள்ளும் பாலத்தடியிலும் அந்தத் தகடுகளைத் தேடுவார்கள். 'இருக்கிறது, நல்ல நிலையில்' என்றோ 'தேடினோம், கிடைக்கவில்லை' என்றோ எழுதுவார்கள். 'கிடைக்கவில்லை' என்பதும் ஒரு செய்திதான். ஆனால் 'கிடைக்கவில்லை' என்பது வேறு, 'அழிந்துவிட்டது' என்பது வேறு. கண்ணால் காணாததை அழிந்தது என்று எழுதக் கூடாது.

அறிக்கை எழுதுவது எப்படி?

"அந்தப் பக்கம் ஆழம் குறைவு" என்று எழுதி அனுப்பினால் அலுவலகத்துக்குப் பயன் இல்லை. எந்தப் பக்கம்? எவ்வளவு குறைவு? எப்போது பார்த்தது? எதை வைத்து அளந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது அறிக்கை.

ஒரு நல்ல அறிக்கையில் இவை இருக்கும்:

1. என்ன கண்டார்? மணல் திட்டா, பாறையா, மூழ்கிய படகா, மிதவை இடம் மாறியதா?
2. எங்கே? அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும். இன்று ஜி.பி.எஸ். கருவி இதைக் காட்டிவிடும்.
3. எப்போது? நாளும் நேரமும்.
4. எப்படி அளந்தார்? கயிறா, கழியா, எதிரொலிக் கருவியா?
5. எந்த வரைபடத்தோடு ஒப்பிட்டார்? அதன் எண், எந்த ஆண்டுப் பதிப்பு?
6. முடிந்தால் ஒரு புகைப்படம்.

நேரம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கடல் ஒரு நாளில் ஏறுகிறது, வற்றுகிறது. காலையில் 8 அடி இருந்த இடத்தில் மாலையில் 5 அடி இருக்கலாம். அதனால் எல்லா ஆழத்தையும் ஒரே மட்டத்திலிருந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தினமும் மிகத் தாழ வற்றும்போது உள்ள நீர்மட்டங்களைச் சேர்த்து, அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் வரைபடத்தின் பூச்சியம்.

பாலத்தின் உயரத்துக்கு வேறு கணக்கு. அதைக் கடல் ஏறி நிற்கும் மட்டத்திலிருந்து சொல்வார்கள். ஆழத்துக்குத் தாழ்ந்த நீர், பாலத்துக்கு உயர்ந்த நீர் என்று இரண்டிலும் பாதகமான நிலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வரைபடத்தை நம்பிப் போகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ஒரு கணக்கு

கழிமுகத்தில் ஒரு படகோட்டி ஆழம் பார்க்கிறார். எதிரொலிக் கருவி 7 அடி என்று காட்டுகிறது. கருவி படகின் அடியில், நீர்மட்டத்துக்கு 1 அடி கீழே பொருத்தப்பட்டிருக்கிறது.

தண்ணீரின் ஆழம்: 7 + 1 = 8 அடி.

அந்த நேரத்தில் கடல் ஏறியிருக்கிறது. ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்கிறார். வரைபடத்தின் பூச்சியத்துக்கு மேல் 3 அடி தண்ணீர் ஏறியிருக்கிறது.

வரைபடக் கணக்கில் ஆழம்: 8 − 3 = 5 அடி.

வரைபடத்தில் அச்சிட்டிருப்பது 9 அடி. வேறுபாடு: 9 − 5 = 4 அடி.

இப்போது வெளியூர்ப் படகை நினைத்துப் பாருங்கள். அந்தப் படகுக்கு 6 அடித் தண்ணீர் வேண்டும். வரைபடப்படி 9 − 6 = 3 அடி மிச்சம். ஏற்றத்தில் உள்ளே வரும்போது உண்மையில் 8 அடி இருக்கிறது. தட்டாமல் வந்துவிடுகிறது. சில மணி நேரம் கழித்து வற்றத்தில் திரும்புகிறது. அப்போது 5 அடிதான் இருக்கிறது. படகு மணலில் உட்கார்ந்துவிடும். பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ளே இருக்க, அலை பக்கவாட்டில் அடித்தால் படகு கவிழவும் கூடும்.

ஒரு கூட்டல், இரண்டு கழித்தல். இவ்வளவுதான் கணக்கு. இதைச் சரியாகச் செய்து எழுதியனுப்பினால் அந்தப் படகு தப்பும்.

உடனடி ஆபத்து என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அணைந்த கலங்கரை விளக்கம், அறுந்து மிதந்துவரும் மிதவை, வழியில் மூழ்கிய படகு ஆகியவற்றை உடனே வானொலிக் கருவியில் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும். அதற்கு 16-ஆம் அலைவரிசை உலகெங்கும் பொதுவானது. மிதவையைத் தானே இழுத்து நகர்த்தவும் கூடாது. அதைப் பார்த்து வழிபோகும் இன்னொருவர் ஏமாந்துவிடுவார்.

அறிக்கை போன பிறகு

அலுவலகம் வந்த செய்தியை அப்படியே அச்சிடுவதில்லை. பழைய அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்க்கிறார்கள். வேறு யாரும் இதையே சொன்னார்களா என்று தேடுகிறார்கள். அவசரமானது என்றால் 'கடலோடிகளுக்கு அறிவிப்பு' என்று வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துக் கப்பல்காரர்கள் தங்கள் வரைபடத்தைத் திருத்திக்கொள்வார்கள். மற்றவை வரைபடத்தின் அடுத்த திருத்தத்தில் சேரும்.

தவறான அறிக்கையாலும் கெடுதல் உண்டு. இல்லாத பாறையை இருப்பதாகச் சொன்னால் கப்பல்கள் வீணாகச் சுற்றிப் போகும். இருக்கும் பாறையை இல்லை என்று சொல்லிவிட்டால் உயிரே போகும். அதனால் ஆபத்தை வரைபடத்தில் சேர்ப்பது எளிது, நீக்குவது கடினம். இல்லை என்று உறுதியாகத் தெரியும்வரை அடையாளத்தை விட்டுவைப்பார்கள்.

சந்தேகத்தையும் அவர்கள் மறைப்பதில்லை. வரைபடத்தில் சில இடங்களில் 'அறிவிக்கப்பட்டது' என்ற குறிப்பும் ஆண்டும் இருக்கும். ஒருவர் பார்த்துச் சொன்னார், இன்னும் முறையாக அளக்கவில்லை என்று அதற்குப் பொருள். 'இடம் ஏறத்தாழ' என்றும் 'இருப்பது ஐயம்' என்றும்கூடக் குறிப்புகள் உண்டு. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும் வரைபடமே நல்ல வரைபடம்.

இன்றைய நிலை

காகித வரைபடத்தின் காலம் அமெரிக்காவில் மாறிவிட்டது. நோவா தன் பழைய முறைக் காகித வரைபடங்களை நிறுத்தப்போவதாக 2019-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2025 ஜனவரியில் அந்தப் பணி முடிந்தது. இப்போது மின்னணு வரைபடம் திரையில் தெரிகிறது. திருத்தமும் விரைவாகச் சேர்கிறது. படகோட்டி யாராக இருந்தாலும் தான் கண்ட தவறைக் கணினி வழியாகவே தெரிவிக்கலாம்.

சர்வதேச நீர்நிலை அளவை அமைப்பு என்று ஒன்று 1921-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன் தலைமையிடம் மொனாக்கோ. அது தொடங்கிய ஜூன் 21-ஆம் நாளை உலக நீர்நிலை அளவை நாளாகக் கொண்டாடுகிறார்கள். கப்பல்களும் படகுகளும் தாம் போகும் வழியில் எடுத்த ஆழ அளவுகளைத் தானாக முன்வந்து கொடுக்க இந்த அமைப்பு ஊக்கம் தருகிறது. அந்த அளவுகள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஒரு மையத்தில் சேர்கின்றன.

கருவி வந்துவிட்டதால் மனிதர் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். திரையில் தெரியும் 9 என்ற எண்ணும் யாரோ என்றோ அளந்ததுதான். பழைய அளவைப் புதிய திரையில் காட்டினால் அது புதிய அளவாகிவிடாது.

நம் நாட்டில்

இந்தியாவின் கடல் வரைபடங்களை டேராடூனில் உள்ள தேசிய நீர்நிலை அளவை அலுவலகம் தயாரிக்கிறது. இது இந்தியக் கடற்படையைச் சேர்ந்தது. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கடலின் ஆழத்தைக் கணக்கெடுக்கிறது! கடற்படையின் அளவைக் கப்பல்கள் கடலில் அளந்து விவரங்களை அனுப்புகின்றன. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் 'சந்தாயக்' என்ற புதிய அளவைக் கப்பல் பணியில் சேர்ந்தது.

நம் கடற்கரையும் மாறக்கூடியதுதான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் பூகம்பத்தோடு சுனாமி வந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை கிரேட் நிகோபார் தீவில் உள்ளது. அங்கே நிலமே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைத் தண்ணீர் சூழ்ந்தது. முந்தின நாள் வரைபடம் மறுநாள் பழையதாகிவிட்டது.

நம் அலுவலகமும் 'கடலோடிகளுக்கு அறிவிப்பு' வெளியிடுகிறது. கடலில் கண்ட மாற்றத்தை எழுதியனுப்பப் படிவமும் வைத்திருக்கிறது. கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நம் கடற்கரைகளில் மீன்பிடிக்கிறவர்களுக்கு எந்த இடத்தில் பாறை, எங்கே வலை சிக்கும், எந்த மாதம் முகத்துவாரம் அடைபடும் என்பதெல்லாம் அத்துப்படி. தலைமுறை தலைமுறையாக அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அறிவு அது. அதில் ஒரு வரியை நாளும் இடமும் அளவும் சேர்த்துத் தாளில் எழுதினால், அந்தத் துறையை இதுவரை பார்த்திராத ஒருவருக்கும் அது வழிகாட்டும். எழுதப் படிக்கக் கற்றவர் கையில் இந்தச் சக்தி இருக்கிறது.

தெரிந்துகொள்வோம்

கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது, அமெரிக்காவில் சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்கும். இந்தியாவில் சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். உலகம் இதில் இரண்டு பிரிவாக உள்ளது. ஆகவே எந்த நாட்டுக் கடல் என்று தெரிந்துகொண்ட பிறகே மிதவையைப் பார்த்து வழி போக வேண்டும்.

சொற்பொருள்

ஏற்றம் – கடல் நீர்மட்டம் உயர்தல்
வற்றம் – கடல் நீர்மட்டம் தாழ்தல்
பாகம் – ஆறு அடி ஆழம்
மிதவை – வழி காட்டக் கடலில் மிதக்கவிடும் அடையாளம்
கழிமுகம், முகத்துவாரம் – ஆறு அல்லது கழி கடலில் சேரும் இடம்
வண்டல் – ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மண்

பயிற்சி

விடை எழுதுக.
1. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பு தடவியது ஏன்?
2. 1992-இல் சேதமடைந்த கப்பல் எந்த ஆண்டில் அளந்த எண்ணை நம்பிப் போனது?
3. அறிக்கையில் நேரத்தைக் குறிப்பது ஏன்?
4. 'கிடைக்கவில்லை', 'அழிந்துவிட்டது' இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கணக்கிடுக.
5. 5 பாகம் என்பது எத்தனை அடி?
6. கருவி 10 அடி காட்டுகிறது. கருவி நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே உள்ளது. கடல் 4 அடி ஏறியிருக்கிறது. வரைபடக் கணக்கில் ஆழம் எவ்வளவு? 7 அடித் தண்ணீர் தேவைப்படும் படகு வற்றத்தில் அங்கே போகலாமா?

எழுதிப் பழகுக.
7. உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் எங்கும் எழுதிவைக்காத ஆபத்தான இடம் ஏதேனும் உண்டா? கிணறு, மதகு, சாலைத் திருப்பம், ஆற்றுச் சுழி எதுவாகவும் இருக்கலாம். அது எங்கே, எப்படிப்பட்டது, எப்போது பார்த்தது என்று ஐந்து வரிகளில் எழுதுங்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்து அனுப்புங்கள்.